படுக்காத பிள்ளைகளையும் எண்ணுங்கள்

புதுச்சேரி, கடலூர் நேயர்களுக்கு வணக்கம். கடலோரக் குப்பம் ஒன்றில் தட்டம்மை, அதாவது மணல்வாரி, பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். 17 பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். அதில் 9 பேர் ஊசி போட்டவர்கள். "பாதிக்கு மேல ஊசி போட்ட பிள்ளைங்க. அப்புறம் ஊசியால என்ன பிரயோஜனம்?" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பிவிடும். நியாயமான கேள்விதான். ஆனால் படுக்காத பிள்ளைகளை அங்கே யாரும் எண்ணவில்லை.

எண்ணிப் பார்ப்போம். குப்பத்தில் மொத்தம் 100 பிள்ளைகள். ஊசி போட்ட 90 பேரில் 9 பேருக்கு அம்மை, நூற்றுக்குப் பத்து. போடாத 10 பேரில் 8 பேருக்கு, நூற்றுக்கு எண்பது. எண்பது வர வேண்டிய இடத்தில் பத்துதான் வந்திருக்கிறது. குறைந்த எழுபதை எண்பதால் வகுத்தால் 87.5 சதவீதம். அதுதான் ஊசியின் செயல்திறன். எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. ஆனாலும் 9 மாதத்தில் போடும் முதல் தவணை சுமார் 85 சதவீதம் காக்கும் என்பதை ஒட்டியே வருகின்றன. ஊரில் அத்தனை பேரும் போட்டுக்கொண்டால், அம்மை வரும் ஒன்றிரண்டு பேரும் ஊசி போட்டவர்களாகத்தானே இருப்பார்கள்!

கணக்கு சுலபம், விவரம் சேர்ப்பதில்தான் வம்பு. அம்மை கண்டால் வேப்பிலை செருகி வீட்டோடு வைத்துக்கொள்வது நம் வழக்கம். ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் நம்பினால் அந்தப் பிள்ளைகள் விட்டுப்போவார்கள். வீடு வீடாகத்தான் போக வேண்டும். 9 மாதம் நிரம்பாத குழந்தையைப் 'போடாதவர்' பட்டியலில் சேர்க்கக் கூடாது. முன்பே மணல்வாரி வந்து போன பிள்ளையையும் கழித்துவிட வேண்டும். ரூபெல்லா என்ற வேறொரு நோயும் காய்ச்சல், தடிப்போடுதான் வரும் என்பதால் சிலருக்காவது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பெரிய தொல்லை ஞாபகம்தான். "எல்லா ஊசியும் போட்டாச்சு சார்" என்பார்கள். எந்த ஊசி? 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா முகாமில் அண்ணனுக்குப் போட்டதைத் தம்பி கணக்கில் சொல்லிவிடலாம். தடுப்பூசி அட்டைதான் சாட்சி.

சரி, திறன் ஐம்பது சதவீதம்தான் என்று வந்தால்? உடனே மருந்தைப் பழிக்க வேண்டாம். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்ததா, கலக்கிய மருந்தை 4 மணி நேரத்துக்குள் போட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

செவிலியர் வந்து கதவைத் தட்டினால், "எங்க வீட்ல யாருக்கும் அம்மை இல்லை" என்று அனுப்பிவிடாதீர்கள். நோய் வராத உங்கள் பிள்ளையும் அந்தக் கணக்குக்கு வேண்டும். அட்டையை எடுத்துக் காட்டுங்கள்.