ரோனா: நாகப்பட்டினத்திலிருந்து போருக்குப் போன கப்பல்

நேயர்களுக்கு வணக்கம்.

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துப் பெரியவர்களிடம் ராஜுலா கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், பொழுது போவதே தெரியாது. அந்த ராஜுலாவுக்கு ஒரு ஜோடி இருந்தது. அதே 1926ஆம் ஆண்டு, அதே பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காக, அதே மெட்ராஸ்–நாகப்பட்டினம்–சிங்கப்பூர் ஓட்டத்துக்காகக் கட்டியது. பெயர் ரோனா. இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் கட்டினார்கள். 8,602 டன். ராஜுலாவைத் தெரிந்த அளவுக்கு ரோனாவை யாருக்கும் தெரியவில்லை. அது திரும்பி வராத கப்பல்.

இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இது எப்படிப்பட்ட கப்பல் என்று சொல்லிவிடுகிறேன். அறை எடுத்துப் போகிறவர்கள் சில நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் டெக் பயணிகள். எத்தனை பேர் தெரியுமா? ஐயாயிரம் பேர் வரை ஏற்றிக்கொள்ள இடமிருந்தது. நாகையில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, தள்ளி நங்கூரம் போட்டுவிடும். மூட்டை முடிச்சோடு தோணியில் போய், அலை தூக்கும் நேரம் பார்த்து ஏற வேண்டும். மேலே போனதும் முதல் வேலை பாயை விரிப்பது. பாய் விரித்த இடம்தான் வீடு. டிரங்குப் பெட்டிதான் அந்த வீட்டுக்குச் சுவர். பக்கத்துப் பாய்க்காரரோடு அப்போது பிடித்த சிநேகம் மலேயாத் தோட்டத்திலும் தொடரும், சில இடங்களில் சம்பந்தம் வரைகூடப் போகும். கங்காணி கூட்டிப்போன ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள், சின்ன வியாபாரிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் இப்படித்தான் போனார்கள். பினாங்கில் இறங்கியவர்கள் பலரை ஊருக்குள் விடுவதற்கு முன் ஜெரெஜாக் தீவில் தனிமையில் வைத்தார்கள். என் பெரிய பாட்டி கடைசிவரை அந்தத் தீவின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் முகம் சுளிப்பார். நான் அதிக நேரம் இதிலேயே நிற்பது போலத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்களைத் தளத்தில் அடைத்து ஏற்றிப் பழகிய கப்பல் என்பதால்தான் ராணுவம் இதைத் தேடி வந்தது.

1940இல் ரோனாவைப் படைக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் மூன்று வருடம் இந்தியப் பெருங்கடல், பாரசீக வளைகுடா, மத்தியதரைக் கடல் என்று துருப்புகளை ஏற்றி இறக்கியது. மற்ற துருப்புக் கப்பல்களும் செய்த வேலைதான். விரைவாகக் கடந்து 1943 நவம்பருக்கு வந்துவிடுகிறேன்.

அல்ஜீரியாவில் ஓரான் துறைமுகம். ஏறத்தாழ 2,000 அமெரிக்க வீரர்கள் ரோனாவில் ஏறினார்கள். சூயஸ் வழியாக இந்தியாவுக்கு வர வேண்டியவர்கள். அவர்களில் 853ஆம் விமானப்படைப் பொறியாளர் பட்டாலியனும் ஒன்று. விமானத் தளம் அமைப்பது அவர்கள் வேலை. கப்பல் பெரிய கான்வாய் ஒன்றோடு, அதாவது பாதுகாப்புக்காக ஒன்றாகச் செல்லும் கப்பல் கூட்டத்தோடு, சேர்ந்து கிழக்கே திரும்பியது.

நவம்பர் 26, மாலை மங்கும் நேரம். அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மன் விமானங்கள் தாக்கின. அவற்றில் ஒன்று ஹென்ஷல் 293 என்ற குண்டை விட்டது. சாதாரணக் குண்டு விட்ட இடத்திலிருந்து விழும், அவ்வளவுதான். இதற்குச் சிறகு உண்டு, வாலில் எரியும் விளக்கு உண்டு. விமானத்தில் இருந்தவர் அந்த ஒளியைக் கண்ணால் தொடர்ந்தபடி, ஒரு சின்னக் கைப்பிடியை அசைத்து ரேடியோ மூலம் அதைத் திருப்பிக்கொண்டே வந்தார். குண்டு இடதுபுறமாகப் புகுந்து எஞ்சின் அறைப் பக்கம் வெடித்தது. மின்சாரம் போனது. தீ பிடித்தது. இறக்க முடிந்த படகுகள் கொஞ்சம்தான். பல படகுகள் வெடிப்பிலேயே உடைந்திருந்தன, சிலவற்றின் கொக்கிகள் துருவேறி அசையவில்லை. வீரர்களுக்குக் கொடுத்திருந்தது இடுப்பில் கட்டும் காற்றுப் பட்டை. அதை அக்குளுக்குக் கீழே ஏற்றிக் கட்டாமல் இடுப்பிலேயே விட்டவர்களைத் தண்ணீர் தலைகீழாகப் புரட்டியது. கடலில் ஆள் உயரத்துக்கு மேல் அலை. ஒன்றரை மணி நேரத்தில் ரோனா மூழ்கிவிட்டது.

பயனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் (கடலில் போட்ட கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல்) இருட்டில் நின்று 606 பேரைத் தூக்கியது. அலையில் கப்பல் ஏறி இறங்க, வலையில் தொங்கியபடி மாலுமிகள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்தார்கள். பிடி நழுவியவர்களும் உண்டு. வேறு சில கப்பல்களும் உதவின. இருந்தும் 1,015 அமெரிக்க வீரர்கள் இறந்துபோனார்கள். எதிரியின் தாக்குதலில் கடலில் அவர்கள் ஒரே நேரத்தில் இத்தனை பேரை இழந்தது வேறெப்போதும் இல்லை. 853ஆம் பட்டாலியனில் மட்டும் 495 பேர்.

சரி, என் மனதில் பல வருடமாகக் கிடக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தப்பியவர்கள் பிற்பாடு பேசியபோது, கப்பல் பணியாளர்கள் மீது குறை சொன்னார்கள். பயந்து முதலில் படகில் ஏறிவிட்டார்கள், உதவவில்லை என்று. அந்தப் பணியாளர்கள் யார்? பெரும்பாலும் இந்தியர்கள். லஸ்கர் என்று அழைக்கப்பட்ட நம் நாட்டு மாலுமிகள். அந்த இரவில் சிலர் பயந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பணியாளர்கள் சுமார் 195 பேர். இறந்தவர்கள் 120 பேர் அளவில். வீரர்களில் பாதிப் பேர் இறந்தார்கள், பணியாளர்களில் பாதிக்கும் கூடுதலாக, ஐந்தில் மூன்று பங்குப் பேர் இறந்தார்கள். மறுபடி சொல்கிறேன், ஐந்தில் மூன்று பங்கு. குண்டு வெடித்த எஞ்சின் அறையில் வேலையில் இருந்தவர்கள் படகுக்கு எப்படி ஓடுவார்கள்? தங்களைத் தற்காத்துப் பேச அவர்களில் எத்தனை பேருக்கு வாய்ப்பு கிடைத்தது?

அமெரிக்கர்களுக்கே வாய்ப்பு சீக்கிரம் கிடைக்கவில்லை. வழிநடத்தும் குண்டு பற்றி வெளியே தெரியக்கூடாது என்று, உயிர் தப்பியவர்களை வாய் திறக்கக்கூடாது என்றார்கள். பிள்ளை காணவில்லை என்ற தந்தியோடு பெற்றோர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். போர் முடிந்து பல பத்தாண்டுகள் போன பிறகும் பல குடும்பங்களுக்கு நடந்தது என்னவென்று தெரியாது. 1990களில்தான் தப்பியவர்கள் ஒன்றுகூடிப் பேசினார்கள். 1996இல் அலபாமாவில் நினைவுக்கல் வைத்தார்கள். 2000இல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள், சுருக்கிக்கொள்கிறேன். ராஜுலாவின் பின்கதையையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அதுவும் துருப்பு ஏற்றப் போய் முழுசாகத் திரும்பி, 1973 வரை நம் மக்களை ஏற்றிப் போனது. போரில் இறந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்களோ மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவுப் புத்தகங்களில் இருக்கின்றன. கிட்டத்தட்ட 6,000 பெயர்கள். ரோனாவின் பணியாளர்களை அங்கே தேடிப் பிடித்து, தனியாக ஒரு பட்டியலாகப் போட வேண்டும். கல்லூரி மாணவர்கள் யாராவது செய்ய முன்வந்தால் என்னால் முடிந்த உதவி செய்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் ரோனா என்று அச்சிட்ட பழைய கப்பல் சீட்டோ, பாஸ்போர்ட் முத்திரையோ கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நகல் எடுத்து இந்த நிலையத்துக்கு அனுப்புங்கள், எனக்கு வந்து சேர்ந்துவிடும். நன்றி, வணக்கம்.