மெதுவாகப் போகிற வண்டி: கைக்கு அடக்கமான ராக் கிராலர்கள் எங்கள் வீட்டைப் பிடித்துக்கொண்ட விதம்

[காட்சி: சாப்பாட்டு மேசை. நான்கு குட்டி ஜீப்புகள். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு காபி டம்ளர்.]

மேசை மீது நிற்கும் இந்த நான்கு வண்டிகளும் எங்களுடையவை. இவற்றில் எதை முழு வேகத்தில் ஓட்டினாலும், பக்கத்தில் நடந்துவரும் ஒருவர் மூச்சு வாங்காமல் கூடவே வந்துவிடலாம். ரிமோட் கார் என்றதும் நினைவுக்கு வரும் சீறலும் புழுதியும் இவற்றிடம் கிடையாது. ஏறவே முடியாது என்று தோன்றும் கல்லின் மீது இவை மிக மெதுவாக ஏறுகின்றன. இல்லையென்றால், ஏறும் முயற்சியில் மல்லாந்து விழுகின்றன. ராக் கிராலர் என்ற பெயரைத்தான் நாங்களும் சொல்கிறோம். 'பாறை ஊர்தி' என்று தமிழில் ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன். மகள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு மகனின் ஏழாவது பிறந்தநாளுக்கு அவன் கேட்டது பந்தயக் கார். முன்பு வாங்கிய பந்தயக் கார் மூன்றாம் நாளே வாசல் சுவரில் மோதி முடிந்துபோயிருந்ததால், மோதினாலும் பிழைத்துக்கொள்ளும் ஒன்று வேண்டும் என்று தேடி, நிஜ வண்டியில் 24-ல் ஒரு பங்கு நீளமுள்ள முதல் கிராலரை வாங்கினேன். அதை ஓட்டிப் பார்த்ததும் அவன் முகம் வாடியது. ஆனால் பத்தே நிமிடத்தில் அவன் அதைத் தன் அப்பாவின் செருப்பின் மீது ஏற்றினான். அடுத்து தலையணை, அதற்கடுத்து அடுக்கி வைத்த அகராதிகள். இரவு அவன் தூங்கிய பிறகு நானும் கணவரும் அதே அகராதிகளை வேறு விதமாக அடுக்கி ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு வண்டிக்கு நான்கு பேர் முறைவைத்துக் காத்திருப்பது நடக்காத காரியம் என்பது அந்த வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

[காட்சி: மலைப்பாதையின் வரைபடம். அம்புக்குறி ஃபோல்சமிலிருந்து கிழக்கே நகர்கிறது.]

நாங்கள் வசிப்பது கலிஃபோர்னியாவில், ஃபோல்சம் என்ற ஊரில். இங்கிருந்து கிழக்கே சியரா நெவாடா மலைத்தொடரில் ஏறினால், இந்த விளையாட்டின் பெரிய வடிவத்துக்கு, அதாவது நிஜ ஜீப்பில் பாறை ஏறுவதற்கு, பெயர்போன ரூபிகன் பாதை வரும். பாதை என்று சொல்கிறோமே தவிர, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் பல இடங்களில் கார் அளவுக் கருங்கற்கள்தான் கிடக்கின்றன. 1953 முதல் அங்கே ஜீப்பர்ஸ் ஜம்போரி என்ற கூட்டுப் பயணம் நடந்துவருகிறது. ஜீப் நிறுவனம் தனது ரேங்ளர் வண்டியின் ஒரு வகைக்கு ரூபிகன் என்றே பெயரிட்டு, இரண்டு அச்சுகளிலும் பூட்டக்கூடிய டிஃபரென்ஷியலை (இடவலச் சக்கரங்களை இணைக்கும் பல்சக்கர அமைப்பு, அதைப் பிறகு பார்ப்போம்) கொடுத்து, 2003 மாடலாக விற்பனைக்கு விட்டது. அப்படி ஒரு வண்டியை வாங்கிக் கல்லில் தேய்ப்பதற்கு எங்களிடம் பணமும் இல்லை, மனமும் இல்லை.

சிறிய கிராலர்கள் புதியவை அல்ல. ஆனால் பல காலம் 10-ல் ஒரு பங்கு அளவே வழக்கமாக இருந்தது, அதற்கு ஓரளவு பெரிய இடம் தேவைப்பட்டது. 2019-ல் ஆக்ஸியல் நிறுவனம் எஸ்சிஎக்ஸ்24 என்ற 24-ல் ஒரு பங்கு வண்டியைக் கொண்டுவந்த பிறகு, இந்த விளையாட்டு மேசைக்கும் பூந்தொட்டிக்கும் இறங்கி வந்தது. எஃப்எம்எஸ் நிறுவனத்தின் எஃப்சிஎக்ஸ்24 இரண்டு வேகக் கியருடன் வந்தது. 2022-ல் டிராக்ஸஸ் நிறுவனம் 18-ல் ஒரு பங்கு அளவில் டிஆர்எக்ஸ்-4எம் வண்டியை வெளியிட்டது. எங்களிடம் மூன்று வகையும் இருக்கின்றன. எது சிறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். வீட்டில் அது இன்னும் தீராத வழக்கு.

[காட்சி: கவிழ்த்துப் பிடித்த வண்டி. ஒரு விரல் ஒரு பின்சக்கரத்தைச் சுழற்ற, மறு பின்சக்கரமும் அதே திசையில் சுழல்கிறது.]

இப்போது இந்தச் சக்கரங்களைக் கவனியுங்கள். ஒன்றைச் சுழற்றினால் மற்றதும் அதே திசையில், அதே அளவு சுழல்கிறது. சாலையில் ஓடும் காரில் இப்படி இருக்காது. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதற்கு டிஃபரென்ஷியல் இடம் கொடுக்கிறது. தார்ச்சாலையில் நன்மையாக இருக்கும் இதே ஏற்பாடு பாறையில் காலை வாரிவிடும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், அது எதிர்ப்பே இல்லாமல் வீணாகச் சுற்றும். கல்லைப் பற்றி நிற்கும் மறு சக்கரம் அசையாது.

இதை என் மகளுக்கு விளக்கியது நான் அல்ல, புதுக்கோட்டையிலிருந்து ஆறு மாதம் தங்குவதற்காக வந்திருக்கும் என் அப்பா. முப்பது ஆண்டுகள் டிராக்டர் ஓட்டியவர். சேற்றில் ஒரு பின்சக்கரம் மட்டும் சுற்றத் தொடங்கினால், குதிகாலால் ஒரு பெடலை மிதித்து இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய நிலையில் வண்டியைத் திருப்பக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். கிராலரில் முன்னும் பின்னும் அந்தப் பூட்டு நிரந்தரமாகப் போடப்பட்டிருக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை, திரும்புவதற்கு அகலமான வட்டம் தேவைப்படுவது. தாத்தா இதைச் சொன்ன அன்று மகள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப தாத்தா, நீங்க கிராலர்தான் ஓட்டிட்டு இருந்தீங்களா?" என்பதுதான்.

[காட்சி: சிறிய தராசில் பித்தளை வளையம். பக்கத்தில் அதே வடிவத்தில் பிளாஸ்டிக் பாகம்.]

அடுத்தது எடை. ஒரு சரிவில் ஏறும் வண்டி எப்போது பின்பக்கம் கவிழும்? அதன் எடை மையத்திலிருந்து நேர் கீழே இறக்கிய கோடு, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைத் தாண்டி வெளியே போகும்போது கவிழும். எங்கள் சிறிய வண்டியில் அச்சுகளுக்கு இடைத்தூரம் சுமார் 13 சென்டிமீட்டர். எடை மையம் நடுவில், அதாவது பின்னச்சிலிருந்து 6.5 சென்டிமீட்டர் முன்னும், தரையிலிருந்து 4.5 சென்டிமீட்டர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது 55 டிகிரிச் சரிவில் கவிழ்ந்துவிடும். அதே மையத்தைப் பின்னச்சிலிருந்து 7.8 சென்டிமீட்டர் தூரத்துக்கு முன்னே தள்ளி, 3.5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாழ்த்தினால், சுமார் 65 டிகிரி வரை தாங்கும். இந்தப் பத்து டிகிரிக்காகத்தான் முன்னச்சில் பித்தளைப் பாகங்களை மாட்டுகிறார்கள். அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தியான பித்தளை, இடத்தை அடைக்காமல் எடையைத் தரையோடு தரையாக வைக்கிறது. எடையைக் கூரையில் ஏற்றினால் எல்லாம் தலைகீழ். என் மகன் கூரையில் ஒரு குட்டி ஏணியும் பொம்மைப் பெட்டிகளும் ஒட்டியிருக்கிறான். அவன் வண்டிதான் அதிகம் கவிழ்கிறது, ஏணியை எடுக்க அவன் சம்மதிக்கவில்லை.

[காட்சி: ஃபோல்சம் ஏரிக்கரை. நீர் இறங்கிய சரிவில் வெளுத்த கருங்கற்கள். ஒரு பிளவுக்குள் நீல நிற வண்டி.]

கோடையின் கடைசியில் ஃபோல்சம் ஏரியின் நீர் இறங்கி, கரையெங்கும் கருங்கற்கள் வெளியே தலைகாட்டும். சனிக்கிழமைக் காலை வெயில் ஏறுவதற்குள் அங்கே போய்விடுவோம். நீங்கள் இப்போது பார்க்கும் பிளவு ஒரு முழம் நீளம்தான் இருக்கும். இடப்பக்கம் சொரசொரப்பான சுவர், வலப்பக்கம் நீர் அலம்பி வழுவழுப்பான சரிவு, முடிவில் ஒரு விரல்கடை உயரத்துக்கு ஒரு படி. என் மகள் முன்சக்கரங்களை அந்தப் படியில் மூன்று முறை ஏற்றினாள், மூன்று முறையும் வண்டி பின்னுக்குச் சரிந்து வழுவழுப்பான பக்கத்தில் சிக்கியது.

பாறைமீது குந்தியிருந்த அப்பா சொன்னார்: "ஆத்தா, மூக்கையே பாக்காத. பின்சக்கரம் எதுல ஏறப்போவுதுன்னு பாரு." திருப்பத்தில் பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்திலேயே வருவதில்லை, உள்பக்கமாகக் குறுக்கே வெட்டி வருகின்றன. முன்சக்கரத்துக்கு வசதியான கல், பின்சக்கரத்துக்குப் பள்ளமாக முடியலாம். அவள் வண்டியை ஒரு சாண் பின்னே எடுத்து, இடச்சுவரில் ஒரு பக்கச் சக்கரங்களை ஏற்றிச் சாய்த்தபடியே கொண்டுவந்தாள். பின்சக்கரம் சொரசொரப்பில் உட்கார்ந்தது; ரப்பர் நெளிந்து கல்லின் மேட்டைக் கவ்வியது; வண்டி ஒரு நொடி நடுங்கி நின்றுவிட்டு மேலே வந்தது. நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இந்த விளையாட்டில் வேகமான கைக்கு மதிப்பில்லை. கல்லைப் படிக்கிற கண்ணுக்குத்தான் மதிப்பு. அதனால்தான் எழுபது வயதும் ஏழு வயதும் ஒரே கல்லின் முன்னால் சமமாக உட்கார முடிகிறது என்பது என் கணிப்பு. வீட்டில் நாங்கள் விளையாடும் வேறு எந்த விளையாட்டிலும் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்து ஆட வேண்டியிருக்கிறது.

[காட்சி: ஐஸ் குச்சிகளால் ஆன வாசல்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மதிப்பெண்கள்.]

போட்டியும் உண்டு. இரண்டு குச்சிகளை நட்டு வாசல் அமைத்து, வரிசையாக அவற்றுக்குள் நுழைந்து போக வேண்டும். அமெரிக்கப் போட்டிகளில் பரவலாக இருக்கும் வழக்கத்தை ஒட்டி, பின்னே எடுத்தால் 1 புள்ளி, குச்சியைத் தொட்டால் 10 புள்ளி, வண்டியைக் கையால் தொட்டால் இன்னொரு 10 என்று வைத்திருக்கிறோம். குறைந்த புள்ளி பெற்றவர் வென்றவர். பின்னே எடுப்பதை மகன் தோல்வியாக நினைத்து முட்டிக்கொண்டே போவான். மகளோ ஒன்றுக்கும் பத்துக்கும் உள்ள கணக்கைப் போட்டுவிட்டு, நான்கு முறை பின்னே எடுத்து நிதானமாக நுழைவாள்.

[காட்சி: மேசை விளிம்பிலிருந்து வண்டி உருண்டு விழுகிறது. முதலில் இயல்பான வேகத்தில், பிறகு மெதுவாக.]

ஒரே வீழ்ச்சியை இருமுறை காட்டுகிறேன். இயல்பான வேகத்தில் அது பொம்மை விழுவதுபோல் இருக்கிறது. படத்தை மெதுவாக ஓட்டினால் உண்மையான ஜீப் மலையிலிருந்து உருள்வதுபோல் தோன்றுகிறது. வண்டி சிறியதானாலும் புவியீர்ப்பு சிறியதாவதில்லை. உயரம் 24-ல் ஒரு பங்கானால், விழும் நேரம் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறத்தாழ 5-ல் ஒரு பங்காகிறது. அதனால் நொடிக்கு 120 படங்கள் எடுத்து, நொடிக்கு 24 வீதம் ஓட்டினால், ஐந்து மடங்கு மெதுவாகி, கண் ஏமாந்துபோகிறது. 75 சென்டிமீட்டர் உயர மேசை இந்த அளவில் 18 மீட்டர் பள்ளத்தாக்கு. அதிலிருந்து விழுந்தும் வண்டி எழுந்து ஓடுகிறது. ஏனென்றால் நீளம் 24-ல் ஒரு பங்காகும்போது பாகங்களின் குறுக்குப் பரப்பு 576-ல் ஒரு பங்காகிறது, எடையோ 13,824-ல் ஒரு பங்காகிவிடுகிறது. தாங்கும் வலு குறைவதைவிடத் தாங்க வேண்டிய சுமை வேகமாகக் குறைகிறது.

[காட்சி: திருப்புளி, சிறு கிண்ணத்தில் மரையாணிகள், பல் உடைந்த சர்வோ.]

உடையாது என்று சொல்ல மாட்டேன். முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோ என்ற குட்டி மோட்டாரின் பிளாஸ்டிக் பற்கள்தான் முதலில் போயின. சக்கரம் கல்லிடுக்கில் மாட்டியிருக்கும்போது பலவந்தமாகத் திருப்பினால் அப்படித்தான் ஆகும். ஏரிக்கரை மணல் அச்சுக்குள் புகுந்து நறநறவென்றதால், மாதம் ஒருமுறை பிரித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் துடைத்து, கிரீஸ் வைக்கிறோம்.

பெரிய இழப்பு ஒரு பேட்டரியால் வந்தது. இணையத்தில் மலிவாகக் கிடைத்த உதிரி பேட்டரி ஒன்று வண்டியின் சாக்கெட்டில் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அதில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன. செருகியதும் ஒரு கீற்றுப் புகை, கருகிய வாடை, கட்டுப்பாட்டுப் பலகை செத்தது. செருகும் முன் கம்பி நிறங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்துவதை மட்டும் நம்பாதீர்கள். இந்த லித்தியம் பேட்டரிகளில் இரண்டு செல்கள், முழு மின்னேற்றத்தில் 8.4 வோல்ட். செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் கெடும். உப்பிய பேட்டரியை மறுபடி மின்னேற்றவே கூடாது. மின்னேற்றும்போது பெரியவர் ஒருவர் அறையில் இருப்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

[காட்சி: திறந்த சூட்கேஸ். வேட்டிகளுக்கு நடுவே சுற்றி வைக்கப்பட்ட வண்டி.]

அப்பா அடுத்த வாரம் ஊர் திரும்புகிறார். நீல வண்டியை மகள் அவரிடம் கொடுத்துவிட்டாள். அவர் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உதிரி லித்தியம் பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் போட விமானத்தில் அனுமதி இல்லை என்பதால், இரண்டு பேட்டரிகளையும் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, முனைகளில் டேப் ஒட்டி, அவருடைய கைப்பையில் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஓட்டுவதற்குக் கல் கிடைக்குமா என்று மகன் கவலைப்பட்டான். "நம்ம ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?" என்று சொல்லிவிட்டு, அப்பா திருப்புளியை மட்டும் மறக்காமல் சூட்கேசுக்குள் வைத்தார்.