விரல் விறைத்தால் தலையைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர்ந்த நீரில் ஸ்கூபா முக்குளித்துவிட்டு வருகிறவர்கள், விறைத்த கையை உதறிக்கொண்டே என்னிடம் கேட்பது: "எந்தக் கையுறை நல்லது?" நான் திருப்பிக் கேட்பேன்: "தலைக்கு என்ன போட்டிருந்தீர்கள்?" கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கேலி இல்லை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். உடம்பின் நடுப்பகுதி குளிரத் தொடங்கினால், உடல் உள்ளுறுப்புகளைக் காக்கப் பார்க்கும். கைக்குப் போகிற இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். கையுறை சூடு உண்டாக்குவதில்லை. இரத்தம் கொண்டுவருகிற சூட்டைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். வராத சூட்டை எதைக் கொண்டு பிடிப்பது? மூடாத தலை வழியாகவும் உடல் சூடு போகும். அதனால் முதல் செலவு தலையுறைக்கும் மார்பை மூடும் உள்ளங்கிக்கும்.

பிறகு கையுறை. நியோப்ரீன் என்பது நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த ரப்பர். குளிரைத் தடுப்பவை அந்தக் குமிழிகளே. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும், 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழிகள் நசுங்கிவிடும். மேலே 5 மில்லிமீட்டராக இருந்த கையுறை கீழே அத்தனை தடிமனாக இருக்காது. அதற்காக இறுக்கமானதாக வாங்கிவிடாதீர்கள், இரத்த ஓட்டம் தடைபடும். தொளதொளவென்று இருந்தாலோ புதுத் தண்ணீர் ஓயாமல் புகுந்து சூட்டைக் கொண்டுபோகும். கடுங்குளிருக்கு விரல்கள் சேர்ந்திருக்கும் மூன்று விரல் கையுறை மேல். பார்க்க நண்டுக் கொடுக்குபோல இருக்கும், இருக்கட்டும்.

டிரை சூட் என்பது தண்ணீர் உள்ளே புகாத முக்குளிப்பு உடை. அதோடு இணையும் உலர் கையுறையில், உள்ளே கம்பளி போட்டுக்கொள்ளலாம். ஆழம் போகப் போக உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்தக் கையுறை கையை நெரிக்கும். மணிக்கட்டு அடைப்பின் அடியில் சிறு குழாய் ஒன்றைச் செருகினால் உடைக்குள் இருக்கும் காற்று கைக்கும் வரும். கையுறை கிழிந்தால் தண்ணீரும் அதே வழியாகத்தான் உள்ளே போகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை நீருக்குள் எனக்கு விரல் வலி தானாக நின்றது. பழகிவிட்டது என்று மகிழ்ந்தேன். மேலே ஏறும்போது மிதவை அங்கியின் காற்று விரியும். அதை வெளியேற்றாவிட்டால் ஆளையே வேகமாகத் தூக்கிவிடும். பொத்தானைத் தேடுகிறேன், விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து கண்ணால் பார்த்துத்தான் அழுத்தினேன். வலித்தபோதே முக்குளிப்பை முடித்திருக்க வேண்டும்.

இறங்குமுன் பிளாஸ்க்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கையுறைக்குள் ஊற்றிக்கொள்வது நல்ல பழக்கம். இரும்புத்தூள் வெப்பப் பொட்டலம் வேண்டாம். அது ஆக்சிஜனால் சூடேறுவது. நனைந்தால் பயனில்லை, ஆக்சிஜன் மிகுந்த வாயு பட்டால் தோலைப் பொசுக்கிவிடும்.

கரையேறியதும் ஈரக் கையுறையைக் கழற்றிக் கையைத் துடைத்து, காற்றுப் படாமல் மூடிக்கொள்ளுங்கள். மரத்த கையைச் சுடுநீரில் வைப்பதானால், அந்த நீரை முதலில் வேறு யாராவது தொட்டுப் பார்க்கட்டும்.