சுவர் விழுந்துச்சு, சரி. பெர்லின் ஒண்ணாச்சா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "பெர்லின் மக்கள் ஒன்றிவிட்டார்களா, இன்னும் பிரிந்தே இருக்கிறார்களா?" இதுதான் தலைப்பு. பிரிந்தே இருக்கிறார்கள் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தோழி என்ன சொன்னாங்க? கிழக்கு பெர்லின்ல, ரோடு கடக்குறவங்களுக்கான சிக்னல்ல படமா இருந்த தொப்பி போட்ட குட்டி மனுஷன் இன்னைக்கு மேற்குத் தெருவுலயும் நிக்கிறானாம்; அதனால மனசும் ஒண்ணாயிடுச்சாம். கைதட்டலும் வாங்கிட்டாங்க. இணைப்புக்கு அப்புறம் அந்தத் தொப்பிக்காரனையே கழட்டிப் போடப் பார்த்தாங்களே, ஜனங்க சண்டை போட்டுல்ல மீட்டாங்க? அதை ஏம்மா சொல்லாம விட்டீங்க?

ஐயா, கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் இணைஞ்ச 1990 அக்டோபர் 3-ல ரெண்டு வீடு சம்பந்தம் பண்ணிக்கலை. ஒரு வீடு இன்னொரு வீட்டுப் பிள்ளையைத் தத்து எடுத்துக்கிச்சு. புதுசா அரசியல் சாசனம் எழுதலை. மேற்கோட சாசனத்துக்குள்ள கிழக்கு வந்து சேர்ந்துச்சு. அப்புறம் மாறினதெல்லாம் எந்தப் பக்கம்? லெனின் சதுக்கத்துக்குப் பேர் போச்சு. ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்த்த நார்வா பல்பு ஆலையை மூடினாங்க. அந்தக் கட்டடத்துல இப்ப ஆபீஸ் நடக்குது.

"சுவரையே பார்க்காத பிள்ளைங்க வந்துட்டாங்க"ம்பீங்க. சுவர் விழுந்து 20 வருஷம் கழிச்சு, 2009-ல, பள்ளியில நீதிநெறிப் பாடத்துக்குச் சமமா மதப் பாடத்தையும் வைக்கலாமான்னு வாக்கெடுப்பு. மேற்குல பெரும்பாலும் 'வேணும்', கிழக்குல 'வேண்டாம்'. வாக்குப்பெட்டியில கோடு அப்படியே தெரிஞ்சுச்சு.

நடுவர் மணியில கை வைக்கிறது தெரியுது. ஒரு கட்டடத்தைச் சொல்லிட்டு உட்கார்ந்துடுறேன். கிழக்குல 'குடியரசு மாளிகை'. நாடாளுமன்றமும் அதுலதான், ஜனங்க சாப்பிட்டு, ஆடி, பந்து உருட்டி விளையாடினதும் அதுலதான். ஆஸ்பெஸ்டாஸ் இருக்குன்னு 1990-ல பூட்டினாங்க. வருஷக்கணக்கா அதைச் சுரண்டி எடுத்தாங்க. எடுத்து முடிச்ச பிறகு, 2006-ல, இடிக்க ஆரம்பிச்சாங்க! முன்னாடி அதே இடத்துல இருந்த பிரஷ்ய மன்னர்களோட அரண்மனை முகப்பைத் திரும்பக் கட்டி அங்க நிறுத்தியிருக்காங்க. அந்த அரண்மனையை 1950-ல தகர்த்தது கிழக்கு அரசுதான், மறுக்கலை. ஆனா மேற்குல 1979-ல திறந்த சர்வதேச மாநாட்டு மையத்துலயும் இதே ஆஸ்பெஸ்டாஸ்தானே! அதை இடிச்சாங்களா? 2014-ல மூடினாங்க, 2019-ல பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்சாங்க.

ரெண்டுலயும் அதே ஆஸ்பெஸ்டாஸ். ஒண்ணுக்குக் கடப்பாரை, ஒண்ணுக்குப் பட்டயம். அடுத்து வர்ற எதிரணி அண்ணன் அந்தக் கணக்கை மட்டும் அவைக்கு விளக்கிட்டு மேல பேசட்டும். நன்றி, வணக்கம்.