மச்சு பிச்சுவைக் கண்டுபிடித்தது யார்?

அடுத்த கேள்விக்குப் போவோம். "மச்சு பிச்சுவை 1911-இல் ஹிராம் பிங்கம் கண்டுபிடித்தார் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. ஆனால் அவர் போனபோதே அங்கே ஆட்கள் குடியிருந்தார்களாமே, அப்புறம் அது எப்படித் தொலைந்த நகரம் ஆகும்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

மச்சு பிச்சு என்பது தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் மலைமேல் இருக்கிற பழைய ஊர். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்கள் கட்டியது. ஆமாம், பிங்கம் போனபோது அங்கே ஆட்கள் குடியிருந்தார்கள். ரிச்சார்த்தே, அல்வாரேஸ் என்று இரண்டு குடும்பங்கள். இன்காக்கள் மலைச்சரிவில் கட்டிவைத்த படிக்கட்டு வயல்களையே சுத்தம் செய்து பயிர் வைத்திருந்தார்கள். வரி வசூலிக்க வருகிறவர்களும் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வருகிறவர்களும் அவ்வளவு உயரத்துக்கு ஏறி வரமாட்டார்கள் என்பது அவர்களுக்கு வசதி.

பிங்கம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். 1911 ஜூலை 24-ஆம் தேதி, தூறலில், உருபம்பா ஆற்றங்கரையிலிருந்து கிளம்பினார். கூட வந்த நண்பர்கள் ஏறவில்லை. ஒருவருக்குத் துணி துவைக்கிற வேலை, இன்னொருவருக்கு வண்ணத்துப்பூச்சி பிடிக்கிற வேலை! வழி காட்டியவர் மெல்ச்சோர் அர்த்தேயாகா என்ற உள்ளூர் விவசாயி. முதலில் தயங்கினார், ஒரு சோல் (பெரு நாட்டுக் காசு) கூலி தருவதாகச் சொன்னதும் வந்தார். மேலே போனதும் அந்தக் குடும்பங்கள் குடிக்கத் தண்ணீரும், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்தன. இடிபாடுகளைச் சுற்றிக் காட்டியது அந்த வீட்டுச் சிறுவன். வழி தெரிந்தவர், குடியிருப்பவர், சுற்றிக் காட்ட ஒரு பையன் எல்லாம் இருக்கிற இடத்தைத்தான் உலகம் தொலைந்த நகரம் என்றது.

அதுமட்டுமில்லை. மூன்று ஜன்னல் கோயில் என்கிறார்களே, அதன் சுவரில் 'லிசார்ராகா 1902' என்று கரியால் எழுதியிருந்தது. அகுஸ்தீன் லிசார்ராகா அந்தப் பள்ளத்தாக்கிலேயே நிலம் பார்த்து வாழ்ந்தவர், ஒன்பது வருடம் முந்தியே வந்து போயிருக்கிறார். பிங்கம் இதை மறைக்கவில்லை. மச்சு பிச்சுவைக் கண்டுபிடித்தவர் லிசார்ராகா என்று தன் குறிப்பேட்டிலேயே எழுதினார். பிறகு வருடம் ஆக ஆக அந்தப் பெயர் தேய்ந்து, 1948-இல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தில் காணாமலே போய்விட்டது. லிசார்ராகா 1912-இலேயே ஆற்றில் மூழ்கி இறந்துவிட்டார், கேட்க ஆள் இல்லை.

சரி, அப்படியானால் பிங்கம் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தார். படம் எடுத்தார், வரைபடம் போட்டார், 1912-இல் திரும்பி வந்து காடு வெட்டித் தோண்டினார். 1913 ஏப்ரலில் நேஷனல் ஜியோகிராபிக் ஒரு இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கியது. மச்சு பிச்சுவை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர் என்ற பெயர் அவருக்கு நியாயமாகச் சேரும். ஆனால் தான் பார்த்தது என்ன என்பதை அவர் கடைசிவரை தப்பாகவே புரிந்துகொண்டார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான்.

அவர் தேடிப் போனது இன்காக்களின் கடைசித் தலைநகரான வில்கபம்பாவை. ஸ்பானியர்கள் இன்காக்களின் தலைநகரான குஸ்கோவைப் பிடித்த பிறகு இன்கா அரச வம்சம் காட்டுக்குள் வில்கபம்பாவுக்குப் போய் அங்கிருந்து சண்டை போட்டது. 1572-இல் ஸ்பானியர்கள் அதையும் பிடித்து, கடைசி இன்கா அரசர் துபாக் அமாருவைக் குஸ்கோ சதுக்கத்தில் தலையை வெட்டிக் கொன்றார்கள். மச்சு பிச்சுதான் அந்தக் கடைசித் தலைநகர் என்று பிங்கம் சாதித்தார். இன்காக்களின் ஆதி ஊரும் அதுவே என்றார்! உண்மையான வில்கபம்பா மேற்கே, தாழ்வான காட்டில், எஸ்பிரிட்டு பம்பா என்ற இடத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே 1911 ஆகஸ்டில் பிங்கம் அங்கேயும் போனார். ஸ்பானிய பாணி ஓடுகள் கிடந்தன. இன்காக்கள் கூரைக்குப் புல் வேய்கிறவர்கள். ஓடு இருந்தாலே அது ஸ்பானியர் வந்த பிறகும் ஆட்கள் வாழ்ந்த ஊர். அவர் கொஞ்சம் கட்டடங்களைப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்று கிளம்பிவிட்டார். 1964-இல் ஜீன் சவாய் என்ற அமெரிக்கர் போய்க் காட்டை விலக்கிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு பெரிய நகரம் என்று தெரிந்தது.

அப்படியென்றால் மச்சு பிச்சு என்ன? பேரரசர் பச்சகுட்டியின் மலை மாளிகை என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிற முடிவு. 1568-ஆம் ஆண்டு ஸ்பானிய ஆவணம் ஒன்றில் பிச்சு பகுதி நிலங்கள் அவருடையவை என்று வருகிறது. 1450 வாக்கில் கட்டியது என்றுதான் முன்பு சொல்வார்கள். 2021-இல் வெளியான எலும்புகளின் கார்பன் கணிப்பு, 1420 வாக்கிலேயே அங்கே ஆட்கள் இருந்ததைக் காட்டியது. அரசன் வீட்டுச் சொத்து என்பதால் அரசு கவிழ்ந்ததும் பராமரிக்க ஆளில்லாமல் போனது. நூறு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அது உயிரோடு இருந்தது. ஸ்பானியர்கள் அதை இடிக்கவும் வரவில்லை.

இன்னொன்று, பிங்கம் தோண்டியெடுத்த பொருள்கள் யேலுக்குப் போயின. பெரு கேட்டுக்கொண்டே இருந்து, 2008-இல் வழக்கும் போட்டது. 2010-இல் உடன்பாடு வந்து, 2011-இலிருந்து தவணை தவணையாகத் திரும்பின. இப்போது குஸ்கோவில் காசா கோன்ச்சா என்ற அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மச்சு பிச்சுவுக்குப் போகிறவர்கள் பலர் ரயில் பிடிக்கிற அவசரத்தில் அதைப் பார்க்காமலே போகிறார்கள். மலை ஏறும் முன் அங்கே ஒரு மணி நேரம் செலவழியுங்கள். சரி, அடுத்த கேள்வி.