முட்டத்து மணலும் கல்லுக்குள் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம். முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரையில் உட்கார்ந்து எழுந்தால் வேட்டியில் கருமணலோடு சிவப்பாகவும் சில மணிகள் ஒட்டிக்கொண்டு வரும். அது கார்னெட். மோதிரத்தில் வைக்கிற கோமேதகமும் அந்த இனந்தான். என் பிழைப்பே இந்த மணிகளோடுதான்.

ஒருநாள் முட்டத்தில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர், "என்ன சாரே, மண்ணப் பெறக்குதிய?" என்றார். கல்லுக்குள் தண்ணீர் ஓடிய தடத்தைத் தேடுகிறேன் என்றேன். "கல்லுல தண்ணியா? பிழிஞ்சா வருமா?" என்று சிரித்தார். கேலிதான். ஆனால் விஷயமே அதுதான். பிழிந்தால் வரும், கூடவே சூடும் வேண்டும். கருவாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் காய்ந்த கட்டை. தணலில் போட்டால் உஸ்ஸென்று நுரைக்கும். பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன். "அப்ப கல்லுக் கருவாடு" என்றார். வகுப்பில் நான் இத்தனை நன்றாகச் சொன்னதில்லை.

2004 டிசம்பர் 26 பற்றி நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அன்று சுமத்ரா அருகே நழுவியது, பூமியின் மேலோட்டுத் தட்டு ஒன்று இன்னொன்றுக்கு அடியில் புகுகிற இடம். இப்படிப் புகுகிற கடலடிப் பாறை, தண்ணீர் குடித்த பாறை. அதிலுள்ள செர்பென்டைன் என்ற பச்சைக் கனிமத்தில் 100 கிலோவுக்குச் சுமார் 13 கிலோ தண்ணீர் கட்டுண்டு கிடக்கும். ஆழத்தில் அழுத்தமும் சூடும் ஏறினால் அது வெளியேறி, மேலுள்ள பாறையை எளிதாக உருக வைக்கும். அந்தமான் பக்கத்து பாரன் (Barren) தீவு எரிமலை அப்படிப் பிறந்ததுதான்.

அத்தனை ஆழத்துக்கு யார் போய்ப் பார்ப்பது? போய்த் திரும்பிய பாறைகள் உண்டு: லடாக்கின் சோ மோரிரி, ஆல்ப்ஸ், கிரேக்கத்தின் சைரோஸ் தீவு. அவற்றிலுள்ள கார்னெட் மரத்தைப் போல வளையம் வளையமாக வளர்ந்தது. நடுவில் மாங்கனீசு அதிகம், வெளியே போகப்போகக் குறையும். நடுவே ஒரு வளையத்தில் கணக்கு திடீரென்று தாவினால், வெளியிலிருந்து தண்ணீர் வந்ததோ என்று சந்தேகிக்கலாம். மணியை அறுத்து மெருகேற்றி, மயிரிழையைவிட நுண்ணிய எலெக்ட்ரான் கற்றையை ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்தி அளப்போம். வந்தது யார் வீட்டுத் தண்ணீர் என்பதற்கு அந்த வளையத்து ஆக்சிஜனில் கனமான வகை எவ்வளவு, லேசான வகை எவ்வளவு என்று பார்ப்போம்.

நம் கரை மணிகளில் இந்த வளையங்களைத் தேடாதீர்கள். இவை கடலடிக்குள் புகுந்து வந்தவை அல்ல. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 800 டிகிரிக்கு மேல் நெடுங்காலம் வெந்தவை. அந்தச் சூட்டில் உள்ளிருந்த உலோகங்கள் இடம் மாறி, வளையங்கள் பெரும்பாலும் கலைந்துவிட்டன. லடாக் மணிக்கு ஞாபகம், நம்மூர் மணிக்கு மறதி.

அப்புறம், தண்ணீர் வந்த வழிக்கு இன்னொரு சாட்சி, போரான் என்ற தனிமம்... நேரமாயிற்றென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒரே வரி: கடல்நீர் குடித்த செர்பென்டைன் பாறையின் போரானில் கனமான வகை கூடுதல், அதை டூர்மலின் என்ற கனிமம் பிடித்து வைத்துக்கொள்ளும். வணக்கம்.