ஆயிரம் ரூபா எத்தனை ரேஸ் ஓடும்?

(கொழும்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். ரீட் அவெனியூ ரேஸ்கோர்ஸில் இப்போது கடைகள்தான். குதிரை ஓடுவதைப் பார்க்க நுவரெலியாவுக்கு ஏற வேண்டும். பந்தயம் கட்ட மட்டும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, விலை சொல்லிப் பந்தயம் பிடிக்கும் புக்கி கடை போதும். அந்தக் கடைக்காரரோ, பொதுக் குவியலில் பந்தயம் சேர்க்கும் டோட்டோ உங்கள் காசில் எவ்வளவு பிடிக்கிறார்கள், அந்தப் பிடித்தம் கூடினால் ரேஸுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

டோட்டில் எல்லாருடைய காசும் ஒரே குவியலில் விழுகிறது. பிடித்தத்தை முதலில் எடுத்துவிட்டு மிச்சத்தை வென்றவர்களுக்குப் பிரிக்கிறார்கள். குவியலில் ஒரு இலட்சம், ஃபேவரிட்டில், அதாவது அதிகம் பேர் நம்பிக் கட்டும் குதிரையில், மட்டும் 60,000 என்று வையுங்கள். பிடித்தம் 17 வீதம். மிச்சம் 83,000. அதை 60,000ஆல் வகுத்தால் ரூபாவுக்கு 1.38 வரும். ஆனால் 10 சதத்துக்குக் கீழே உள்ள சில்லறையை வெட்டி 1.30தான் கொடுப்பார்கள். கைக்கு வந்தது 78,000. பலகையில் 17 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் போனது 22 வீதம். இந்தச் சில்லறை வெட்டு ஃபேவரிட்டில்தான் அதிகம் கடிக்கும். கென்டக்கி மாநிலம் 2022இல் சட்டம் போட்டு, ஒரு சதம் வரை கணக்குப் பார்த்துக் கொடுக்கச் செய்தது.

புக்கியிடம் இது விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஐந்து குதிரை ஓடுகிறது. விலை ஈவன், 3/1, 4/1, 7/1, 9/1. 3/1 என்றால் ஒரு ரூபா கட்டி வென்றால் மூன்று ரூபா இலாபம், கட்டிய ரூபாவும் சேர்ந்து நாலாகத் திரும்பும். ஈவன் என்றால் 1/1. நூறை முறையே 2, 4, 5, 8, 10ஆல் வகுத்துக் கூட்டுங்கள்: 50, 25, 20, 12.5, 10. மொத்தம் 117.5. நூறுக்கு மேலே நிற்கும் அந்த 17.5தான் அவருடைய பங்கு, 117.5இல் அது ஏறக்குறைய 15 வீதம்.

இனி முக்கியமான இடம். பந்தயக்காரர் வென்ற காசை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, அடுத்த ரேஸில் போடுகிறார். ஆயிரம் ரூபா எட்டு ரேஸ் சுற்றினால், சராசரியாக, 15 வீதப் பிடித்தத்தில் கடைசியில் 272 மிஞ்சும். 25 வீதத்தில் 100. முதல் கணக்கில் மொத்தம் 4,850 ரூபாவுக்குப் பந்தயம் நடந்து 728 பிடிபட்டது. இரண்டாவதில் பந்தயம் 3,600தான், ஆனால் பிடிபட்டது 900. அன்றைய கணக்குப் புத்தகத்தில் வீதத்தைக் கூட்டியவர் கெட்டிக்காரர்! காசு தீரும்வரை சுற்ற விட்டால் இரண்டு வீதத்திலும் பிடிபடுவது அதே ஆயிரம்தான். வேகமாகப் பிடிப்பதால் புதுக் காசு பிறப்பதில்லை. ஆள் மட்டும் நாலாவது ரேஸோடு எழும்பிவிடுகிறார், அடுத்த வாரமும் வருவதில்லை.

பந்தயக் காசு சுருங்கினால் பரிசுத் தொகை சுருங்கும். தீவனம், லாயம், ஜொக்கி கூலி எதுவும் குறையாது. ஆகவே உரிமையாளர் குதிரையை விற்பார். பன்னிரண்டு ஓடிய இடத்தில் ஆறு ஓடினால் ஃபேவரிட்டின் விலை இறுகும், அதாவது வென்றாலும் கிடைப்பது குறையும், பந்தயம் இன்னும் குறையும்.

கலிஃபோர்னியா 2011 ஜனவரியில் பிடித்தத்தைக் கூட்டும் இந்த வழியில் போனது. பரிசுத் தொகையை உயர்த்தவென்று, முதலிரு குதிரைகளைச் சொல்லும் எக்ஸாக்டாவின் பிடித்தத்தை 20.68இலிருந்து 22.68 ஆக்கியது, மூன்றைச் சொல்லும் ட்ரைஃபெக்டாவுக்கு 23.68. பந்தயக்காரர்கள் பகிஷ்கரிப்பு அறிவித்தார்கள், பந்தயத் தொகை விழுந்தது. இந்தியாவில் 2017இலிருந்து 2025 செப்டெம்பர் வரை 28 வீத ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி), அதுவும் கிளப்பின் கமிஷன் மீதல்ல, கட்டும் தொகை முழுவதன் மீதும். டோட் காய்ந்தது, ரசீது தராத புக்கிக்கு அதைவிட நல்ல விளம்பரம் எது?

பிரிட்டன் மறுபக்கம் திரும்பியது. பந்தயக்காரர் 9 வீதம் கட்டிவந்த வரியை 2001 ஒக்டோபரில் எடுத்துவிட்டு, புக்கியின் மொத்த இலாபத்தில் 15 வீதம் கேட்டார்கள். ஹொங்கொங்கில் 1996-97இல் 9,200 கோடி ஹொங்கொங் டொலராக இருந்த பந்தயத் தொகை 2005-06இல் 6,000 கோடிக்கு இறங்கியது. 2006இல் அவர்களும் வரியை இலாபத்தின் மேல் மாற்றி, பெரிய பந்தயம் தோற்றவருக்கு 10 வீதம் திருப்பிக் கொடுத்தார்கள். 2013-14இல் பந்தயத் தொகை 10,000 கோடியைத் தாண்டியது. ஆனால் அந்தக் கழிவு 10,000 டொலருக்குக் குறையாத பந்தயத்துக்குத்தான். பத்து டொலர் டிக்கெட் எடுத்தவர் அங்கேயும் முழுப் பிடித்தத்தையே கட்டினார்.